பழைய அச்சுப்பொறியும் புதிய கணிப்பொறியும்: ஒரு வரலாற்றுப் பார்வை

நம் இலக்கிய வட்டம் பத்தாண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், கவிதை பற்றியும் கவிஞர்கள் பற்றியும் அன்பர்கள் பலர் இம்மலரில் எழுதியுள்ளனர். நான் எடுத்துக்கொண்ட பொருள் சற்று வேறானது. வட்டத்தின் அறையில் மூலை மேசைமீது துணி போர்த்தி வைக்கப்பட்டிருக்கும் பழைய லேசர் அச்சுப்பொறியைப் பற்றியே எழுத எண்ணினேன். அச்சுப்பொறிக்கும் இலக்கிய வட்டத்திற்கும் என்ன தொடர்பு என்று அன்பர்கள் வினவக்கூடும். 2024ஆம் ஆண்டில் நம் அறையில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி அவ்வினாவிற்கு விடையளித்தது. அந்நிகழ்ச்சிக்குப் பின்புலமாக அறுபதாண்டுக் கால வரலாறு ஒன்றும் உண்டு. இரண்டையும் இணைத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பேச மறுத்த பொறி

2015இல் வட்டம் தொடங்கியபோது, நம் மூத்த கவிஞர் ஒருவர் தம் அச்சகத்தை அப்போதுதான் மூடியிருந்தார். ஈய எழுத்துகளைக் கையால் கோத்த காலந்தொட்டுக் கணிப்பொறியில் பக்கம் அமைத்த காலம்வரை அத்தொழிலில் வாழ்ந்தவர் அவர். 2002இல் தாம் வாங்கிய லேசர் அச்சுப்பொறி, விண்டோஸ் எக்ஸ்பி இயங்கிய கணிப்பொறி, ஒரு பெட்டி நிறையக் குறுந்தகடுகள் ஆகியவற்றை வட்டத்திற்கு அன்பளிப்பாகத் தந்தார். மாதக் கூட்டத்தின் அழைப்பிதழும் கவியரங்கத் துண்டறிக்கையும் ஒன்பது ஆண்டுகள் அப்பொறியிலேயே அச்சாயின.

2024இல் கணிப்பொறி ஓய்ந்தது. உறுப்பினர் நன்கொடையால் புதிய கணிப்பொறி வாங்கினோம். பழைய அச்சுப்பொறியை அதனுடன் இணைத்தோம். விளக்கு எரிந்தது, தாள் நகரவில்லை. பழுதுபார்க்க வந்தவர் சோதித்துப் பார்த்துவிட்டு, "பிரிண்டரில் ஒரு குறையும் இல்லை அம்மா. புதுக் கம்ப்யூட்டருக்கு இதோட டிரைவர் கிடையாது. பழைய சாமானுக்குப் போட்டுவிட்டு வேற வாங்கிடுங்க" என்றார்.

அருகில் இருந்த கவிஞர் ஐயா சிறிது நேரம் ஒன்றும் கூறவில்லை. பிறகு, "பொறி போனால் போகட்டும் அம்மா. அந்தப் பெட்டிக்குள்ளே என் காவியம் இருக்கிறதே" என்றார். 2003இல் அவர் இயற்றித் தாமே தட்டச்சு செய்து பக்கம் அமைத்த 412 எண்சீர் விருத்தங்கள் கொண்ட நூல் அது. பொருள் வசதியின்மையால் அச்சேறவில்லை. கையெழுத்துப் படி கறையானுக்கு இரையாகிவிட்டது. எஞ்சியது குறுந்தகடு ஒன்றே. அதைப் புதிய கணிப்பொறியில் திறந்தபோது தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தோன்றவில்லை. ரோமன் எழுத்துகளும் குறியீடுகளும் பொருளின்றி நிரம்பியிருந்தன.

இவ்வாறு அச்சுப்பொறி, காவியம் ஆகிய இரண்டும் ஒரே நாளில் ஊமையாயின. இரண்டும் அழிந்துவிடவில்லை; அவற்றின் மொழியை அறிந்த இடையாள் இல்லாமற்போனதே குறை. இவ்வேறுபாட்டை உணர்ந்துகொண்டால் மீட்கும் வழியும் புலப்படும்.

இயக்கி என்னும் இடையாள்

கடைத்தெருவில் டிரைவர் என வழங்குவதைக் கணிப்பொறித் தமிழில் இயக்கி என்பர். கணிப்பொறிக்கும் அச்சுப்பொறிக்கும் இடையே நின்று ஒன்றின் கட்டளையை மற்றொன்றின் மொழிக்கு மாற்றித் தரும் சிறு மென்பொருள் அது. பழம்பாடலுக்கும் இன்றைய வாசகருக்கும் இடையே நிற்கும் உரையாசிரியரின் பணியோடு இதனை ஒப்பிடலாம்.

அச்சுப்பொறிகளில் இருவகை உண்டு. முதல்வகை, பக்க விவரிப்பு மொழி ஒன்றைத் தானே அறிந்தது. 1984இல் அடோபி நிறுவனம் வெளியிட்ட போஸ்ட்ஸ்கிரிப்ட் அத்தகைய மொழியாகும். 1985இல் ஆப்பிள் நிறுவனத்தின் லேசர்ரைட்டர் அம்மொழியுடன் வெளிவந்தது. 'இந்த இடத்தில் இந்த எழுத்தை இந்த அளவில் இடுக' என்று பலரும் அறிந்த மொழியில் கூறினால், இவ்வகைப் பொறி பக்கத்தைத் தானே உருவாக்கிக்கொள்ளும். மொழி பொதுவானது என்பதால், இவற்றுள் பல பொறிகள் எத்தனை தலைமுறைக் கணிப்பொறிகள் மாறினும் பயன்பட்டு வருகின்றன.

இரண்டாம்வகை, விலை மலிவிற்காக அவ்வறிவை நீக்கியது. பக்கத்தைப் புள்ளிகளாக மாற்றும் வேலை முழுவதையும் கணிப்பொறியில் உள்ள இயக்கியே செய்ய வேண்டும். அங்குலத்திற்கு 600 புள்ளிகள் என்ற அளவில் ஓர் ஏ4 தாளுக்கு ஏறத்தாழ 3 கோடியே 48 லட்சம் புள்ளிகள் ஆகின்றன. அவற்றைக் கணித்து, அந்நிறுவனத்திற்கே உரிய மறைமொழியில் பொறிக்கு அனுப்புவது இயக்கியின் கடமை. இயக்கி இல்லையேல் பொறிக்கு எதுவும் விளங்காது. நம் அச்சுப்பொறி இவ்வகையினது.

எக்ஸ்பி காலத்துக் கணிப்பொறிகளுள் பெரும்பாலானவை 32 பிட் இயங்குதளத்தில் ஓடின. பின்னர் 64 பிட் இயங்குதளம் பரவியது. 2021இல் வெளிவந்த விண்டோஸ் 11, 64 பிட் வடிவில் மட்டுமே கிடைக்கிறது. 32 பிட்டுக்கு எழுதிய இயக்கியை 64 பிட் தளம் ஏற்காது. விற்பனை நின்றுபோன பொறிகளுக்குப் புதிய இயக்கி எழுதுவதில் உற்பத்தியாளர்க்கு ஆதாயமில்லை. ஆகவே உடலில் நோயில்லாத பொறிகள் பல குப்பைக்குச் சென்றன.

இத்துன்பம் நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1980ஆம் ஆண்டளவில், அமெரிக்காவின் எம்.ஐ.டி. செயற்கை அறிவு ஆய்வகத்திற்கு ஜெராக்ஸ் நிறுவனத்தின் லேசர் அச்சுப்பொறி ஒன்று வந்தது. அதில் தாள் அடிக்கடி சிக்கியது. அங்குப் பணியாற்றிய ரிச்சர்டு ஸ்டால்மன், சிக்கல் நேர்ந்தவுடன் பயனாளர்க்குச் செய்தி செல்லுமாறு மென்பொருளைத் திருத்த விரும்பினார். மூல நிரல் அவருக்கு மறுக்கப்பட்டது. அந்த மறுப்பைத் தம் வாழ்வின் திருப்புமுனைகளுள் ஒன்றாக அவர் பின்னாளில் குறிப்பிட்டார். 1983இல் அவர் அறிவித்த குனு திட்டத்திலிருந்தே கட்டற்ற மென்பொருள் இயக்கம் வளர்ந்தது. உற்பத்தியாளர் கைவிட்ட அச்சுப்பொறிகள் சிலவற்றுக்கு லினக்ஸ் தளத்தில் ஆர்வலர்களே இயக்கி எழுதித் தந்துள்ளமை அவ்வியக்கத்தின் பயனாகும்.

கணிப்பொறிக்குள் கணிப்பொறி

இயக்கி புதிய தளத்திற்கு வாராதெனில், பழைய தளத்தையே புதிய கணிப்பொறிக்குள் அமைத்துவிடலாமே என்பது மற்றொரு வழி. அதற்கு மெய்நிகராக்கம் என்று பெயர். இரும்பாலும் சிலிக்கனாலும் ஆகாமல், மென்பொருளால் மட்டுமே ஆன கணிப்பொறி ஒன்றை மெய்யான கணிப்பொறிக்குள் படைத்தல் என்று இதனை விளக்கலாம். உள்ளே இயங்கும் மென்பொருள், தான் தனியொரு கணிப்பொறியில் இருப்பதாகவே கொள்ளும்.

புதுமைபோல் தோன்றும் இக்கருத்து நெடிய வரலாறு உடையது. 1959 அக்டோபரில் ஐ.பி.எம். நிறுவனம் 1401 என்னும் கணிப்பொறியை அறிவித்தது. அதனுடன் வந்த 1403 என்னும் அச்சுப்பொறி நிமிடத்திற்கு 600 வரிகளை அச்சிட்டது. 1401 கணிப்பொறிகள் பத்தாயிரத்திற்கும் மேற்பட்டவை உருவாயின. 1964 ஏப்ரல் 7ஆம் நாள் அதே நிறுவனம் சிஸ்டம் 360 என்ற புதிய வரிசையை அறிவித்தது. அதன் அமைப்பே வேறு. 1401க்கு எழுதிய நிரல்கள் அதில் ஓடா. பல்லாண்டு உழைத்து எழுதிய கணக்கு நிரல்களை எறிந்துவிட வாடிக்கையாளர்கள் எவ்வாறு உடன்படுவர்? ஆகவே புதிய வரிசையின் சில மாதிரிகள், வேண்டும்போது 1401 போலவே நடந்துகொள்ளுமாறு அமைக்கப்பட்டன. 1403 அச்சுப்பொறியும் புதிய வரிசையுடன் இணைந்து தொடர்ந்து உழைத்தது. பழைய நிரலும் பழைய அச்சுப்பொறியும் புதிய கணிப்பொறியின் துணையோடு வாழ்வு நீட்டித்த முற்கால எடுத்துக்காட்டு இது.

அதே 1964இல், மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த ஐ.பி.எம். அறிவியல் மையத்தில், ராபர்ட் கிரீசி தலைமையிலான குழு சி.பி. 40 என்னும் திட்டத்தைத் தொடங்கியது. ஒரே கணிப்பொறியைப் பல கணிப்பொறிகளாகத் தோன்றச் செய்து, பயனாளர் ஒவ்வொருவர்க்கும் முழுப் பொறி ஒன்றை அளித்தது அம்முயற்சி. 1967 சனவரியில் அது பயன்பாட்டிற்கு வந்தது. அதன் வழித்தோன்றலாகிய வி.எம். 370, 1972 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. நிறுவனங்கள் பழைய இயங்குதளத்தை நிறுத்தாமலே புதியதை அருகில் வைத்துச் சோதிக்க அது வழிவகுத்தது. 1974இல் ஜெரால்டு போபெக், ராபர்ட் கோல்டுபெர்க் ஆகிய இருவரும், ஒரு கணிப்பொறியை மெய்நிகராக்க அதன் கட்டளைகள் எத்தன்மையன ஆதல் வேண்டும் என்பதற்குரிய இலக்கணத்தை வகுத்தனர்.

மேசைக் கணிப்பொறிகளின் சில்லுகள் அவ்விலக்கணத்திற்கு முழுமையாக உடன்படவில்லை. அதனால் பெரிய கணிப்பொறிகளுக்கே உரியதாக இக்கலை நெடுங்காலம் இருந்தது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வின் தொடர்ச்சியாக, டயான் கிரீன், மெண்டல் ரோசன்பிளம் முதலிய ஐவர் 1998இல் வி.எம்.வேர் நிறுவனத்தைத் தொடங்கினர். உடன்படாத கட்டளைகளை ஓடும்போதே வேறு கட்டளைகளாக மாற்றும் உத்தியைக் கையாண்டு 1999இல் தம் மென்பொருளை வெளியிட்டனர். 2005இல் இன்டெல்லும் 2006இல் ஏ.எம்.டி.யும் அதற்கான வசதியைச் சில்லிலேயே அமைத்தன. 2007 சனவரியில் செருமனியின் இன்னோடெக் நிறுவனம் விர்ச்சுவல்பாக்ஸ் என்னும் மென்பொருளை மூல நிரலுடன் வெளியிட்டது. அது பின்னர் சன் நிறுவனத்திற்கும், 2010இல் ஆரக்கிள் நிறுவனத்திற்கும் உரியதாயிற்று. 2009இல் வந்த விண்டோஸ் 7இன் உயர்பதிப்புகளுக்கு, எக்ஸ்பியை மெய்நிகர்ப் பொறியாக இயக்கும் வசதியை மைக்ரோசாப்ட் நிறுவனமே அளித்தது. பழையதை விட்டுவர மக்கள் தயங்குவர் என்பதை அந்நிறுவனமும் உணர்ந்திருந்தது.

எழுத்துகள் இடம் மாறிய காலம்

இனிக் காவியத்தின் சிக்கலைக் காண்போம். கணிப்பொறி எழுத்தை எண்ணாகவே சேமிக்கும். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பதில் உடன்பாடு வேண்டும். 1990களில் தமிழுக்கு அவ்வுடன்பாடு நடைமுறையில் இல்லை. ஒருங்குறி 1991இல் வெளிவந்த தன் முதற்பதிப்பிலேயே தமிழைச் சேர்த்திருந்தும், அதைப் பயன்படுத்தும் மென்பொருள்கள் பரவப் பல்லாண்டுகள் ஆயின. அதுவரை எழுத்துரு உருவாக்கியோர் ஒவ்வொருவரும் ரோமன் எழுத்துகளுக்குரிய எண்களில் தமிழ் வடிவங்களைத் தத்தம் விருப்பப்படி அமைத்தனர். எழுத்துரு உடனிருந்தால் தமிழ் தெரியும். இல்லையேல் ரோமன் எழுத்துகளின் குப்பையே தெரியும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு விசைப்பலகைக்கும் குறியாக்கத்திற்கும் தரம் காண முயன்றது. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்றது. அதற்கு முன்னர்த் தட்டச்சான கவிதைகள் எத்தனை வீடுகளில் குறுந்தகடுகளாக உறங்குகின்றனவோ!

பழைய குறியாக்கத்தை ஒருங்குறிக்கு மாற்றித் தரும் மென்பொருள்கள் உள்ளன. 'மாற்றிவிட்டால் போதுமே, பழைய பொறியும் பழைய தளமும் எதற்கு?' என்ற கேள்வி இவ்விடத்தில் எழும். நானும் அவ்வாறே எண்ணினேன். மாற்றிப் பார்த்தபோதுதான் உண்மை விளங்கியது. சில விருத்தங்களில் எழுத்துகள் விடுபட்டிருந்தன. சில இடங்களில் கொம்பு அடுத்த எழுத்தோடு ஒட்டிக்கொண்டது. பழைய எழுத்துருவில் கொம்பை முன்னும் மெய்யைப் பின்னும் தட்டுவர். ஒருங்குறியில் அவ்வரிசை தலைகீழாகும். விடுபட்ட இடத்தில் என்ன எழுத்து இருந்தது என்று எதைக்கொண்டு துணிவது? யாப்பைக்கொண்டு ஊகிக்கலாம். ஊகம் பாடமாகாது என்பதை மூலபாட ஆய்வில் பயின்றோர் அறிவர். உ.வே. சாமிநாதையர் ஏட்டுப்படிகள் பலவற்றை ஒப்புநோக்கியே 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். நம்மிடம் இருந்ததோ ஒரே படி. அந்த ஒரு படியும் 2003இல் இருந்தவாறே கண்முன் தோன்றினால்தான் ஒப்புநோக்க இயலும்.

மீண்டும் வந்த முதற்பக்கம்

எங்கள் கல்லூரிக் கணிப்பொறித் துறையின் முதுகலை மாணவி ஒருவரிடம் இதனைக் கூறினேன். "பழைய கணிப்பொறியையே புதியதற்குள்ளே வைத்துவிடலாம் அம்மா" என்றார் அவர். பெட்டியில் இருந்த எக்ஸ்பி குறுந்தகடு விலைகொடுத்து முறையாக வாங்கியது. விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளை நிறுவி, புதிய கணிப்பொறியின் 16 ஜிகாபைட் நினைவகத்தில் அரை ஜிகாபைட்டை மட்டும் உட்பொறிக்கு ஒதுக்கினார். ஒரு மணி நேரத்திற்குள் எக்ஸ்பியின் பச்சைப் புல்வெளித் திரை ஒரு சாளரத்திற்குள் தோன்றியது. அதனுள் பழைய எழுத்துரு, பக்க அமைப்பு மென்பொருள், அச்சுப்பொறியின் இயக்கி ஆகியவற்றை அவற்றுக்குரிய பழைய குறுந்தகடுகளிலிருந்தே நிறுவினார்.

பின்னர் அச்சுப்பொறியின் யு.எஸ்.பி. இணைப்பை வெளிப்பொறி தீண்டாமல் உட்பொறிக்கே ஒப்படைக்குமாறு அமைத்தார். முத்திரையிட்ட மடலைத் தபால்காரர் பிரித்துப் படியாமல் உரியவரிடம் சேர்ப்பதுபோல, புதிய கணிப்பொறி செய்தியை ஏந்திச் செல்லுமேயன்றி அதன் பொருளை அறிய வேண்டுவதில்லை. எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8ஆம் நாளோடு நின்றுவிட்டன. ஆதலால் உட்பொறிக்கு இணையத் தொடர்பு வேண்டாம் என்று துண்டித்துவிட்டார். இவ்வழியைப் பின்பற்ற விரும்புவோர் இவ்வெச்சரிக்கையை மறத்தலாகாது.

முதலில் வேறோர் அச்சுப்பொறியின் இயக்கியை வைத்துக் கோப்பைத் திறந்து பார்த்தோம். எழுத்துகள் தோன்றின; ஆனால் அடிகள் குலைந்தன. அக்காலப் பக்க அமைப்பு மென்பொருள், தேர்ந்தெடுத்த அச்சுப்பொறியின் அளவுகளைக் கொண்டே வரியின் அகலத்தைக் கணித்தது. பொறி மாறினால் அளவு மாறும். எண்சீர் விருத்தத்தில் நான்காம் சீர் கீழ்வரிக்கு இறங்கிவிடும். உரைநடையில் இது பொருட்டன்று. விருத்தத்திலோ கண்ணுக்கும் காதிற்கும் இடறும். நம் பொறியின் இயக்கியைத் தேர்ந்தவுடன் அடிகள் தத்தம் இடத்தில் அமர்ந்தன.

அச்சிடுமாறு ஆணையிட்டதும் ஓய்ந்திருந்த பொறி முனகிற்று. தாள் உள்ளே சென்றது. சூடாக வெளிவந்த முதற்பக்கத்தை மாணவி எடுத்து ஐயாவிடம் நீட்டினார். காப்புச் செய்யுளை அவர் வாய்விட்டுப் படித்தார். மூன்றாம் பக்கத்தில் நிறுத்தி, சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து ஒரு சீரைத் திருத்தினார். "அன்றைக்கே தளை தட்டிற்று, கவனிக்காமல் விட்டேன்" என்றார். இருபத்தோராண்டு ஊமையாய்க் கிடந்த நூல் மீண்டும் கவிஞரின் கைத்திருத்தத்திற்கு உரியதாயிற்று.

அதன்பின் ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் வட்டத்தின் அறையில் ஒப்புநோக்கும் பணி நடந்தது. ஒருவர் அச்சுப்படியை உரக்கப் படிக்க, மற்றவர் ஒருங்குறிப் படியைத் திரையில் பார்த்துத் திருத்தினார். விடுபட்ட எழுத்துகள் யாவும் மீண்டன. தாளில் புலப்படாத பிழை ஒன்றும் அகப்பட்டது. 'கௌசிகன்' என்ற பெயரில் ஔகாரக் குறியின் பின்பகுதியை மாற்றி மென்பொருள் ளகரமாகக் கொண்டிருந்தது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. தேடும்போது மட்டும் கணிப்பொறி அப்பெயர் இல்லை என்றது. இத்தகைய இடங்களை மாணவி தேடித் திருத்தினார். தாளும் திரையும் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பின.

முடிவுரை

மெய்நிகராக்கம் சாகா மருந்தன்று. அச்சுப்பொறியின் உருளை தேயும். மைத்தூள் கிடைப்பது அரிதாகும். மென்பொருள் இரும்பிற்கு உயிர் தராது. இன்று எக்ஸ்பியைத் தாங்கும் மென்பொருள் நாளையும் தாங்கும் என்பதற்கு உறுதியில்லை. இங்கிலாந்தில் 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே நிலப்பதிவேட்டின் 900ஆம் ஆண்டு நினைவாக, பி.பி.சி. நிறுவனம் 1986இல் நாட்டு மக்களின் வாழ்வைப் படத்தோடும் எழுத்தோடும் லேசர் தட்டுகளில் பதிந்தது. பதினைந்து ஆண்டுகள் கடந்தபோது அத்தட்டுகளைப் படிக்கும் கருவிகள் அருகிவிட்டன. தோலில் எழுதிய 1086ஆம் ஆண்டின் ஏடோ படிக்கும் நிலையிலேயே இருந்தது. 2002இல் லீட்சு, மிச்சிகன் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் பழைய கணிப்பொறியைப் போலச் செய்யும் மென்பொருளை எழுதியே அதனை மீட்டுக் காட்டினர்.

எனவே பழைய பொறியைப் போற்றுவது பழமையிலேயே தங்கிவிடுவதற்காக அன்று. எழுத்தைப் புதிய குறியாக்கத்திற்குக் கொண்டுசெல்ல வேண்டும். அவ்வாறு செல்லும்போது மூலம் எவ்வாறு இருந்தது என்று சொல்லும் சான்று ஒன்று உடன்வர வேண்டும். அச்சான்று கிடைக்கும் காலத்தை நமக்குச் சிறிது நீட்டித்துத் தருவதே மெய்நிகராக்கத்தின் பயன். ஐயாவின் காவியம் இன்று ஒருங்குறியில் மூன்று இடங்களில் காக்கப்படுகிறது. அச்சுப்படி கட்டடம் செய்யப்பட்டு வட்டத்தின் நூலகத்தில் உள்ளது. உட்பொறியும் ஒரே கோப்பாகப் படியெடுத்து வைக்கப்பட்டுள்ளது.

வட்டத்தின் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2010க்கு முன் தட்டச்சு செய்த கவிதைகள் உங்கள் இல்லத்தில் குறுந்தகட்டிலோ நெகிழ்தட்டிலோ இருக்குமாயின், அவற்றுக்குரிய எழுத்துருவுடன் அடுத்த மாதக் கூட்டத்திற்குக் கொண்டுவாருங்கள். எழுத்துருவின் பெயர் நினைவிருந்தால் அதனையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். மைத்தூள் இன்னும் ஓர் உருளை மீதமுள்ளது. பொறி உழைக்கும்வரை அச்சிடுவோம். ஒப்புநோக்க ஞாயிற்றுக்கிழமைகள் இருக்கின்றன.